விராலடிப்பான் கூட்டின் நேரலையை வகுப்பில் காட்டுவது: நேரமும் மூன்றாம் குஞ்சும்

முத்தையன்கட்டு ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். முத்தையன்கட்டுக் குளத்துக்கு அண்மையில் உள்ள பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். புரட்டாதியில் குளம் வற்றிக் கிடக்கும் நாட்களில் வந்து சேர்ந்து, நீருக்குள் நிற்கும் பட்டமரங்களில் அமர்ந்து, பங்குனி சித்திரை வரை எங்களோடு இருந்துவிட்டுப் போகும் விராலடிப்பானை (மீனையே பிடித்துத் தின்னும் osprey என்ற பெரிய பறவை) என் மாணவர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் அது முட்டையிடுவதையோ குஞ்சு வளர்ப்பதையோ அவர்களில் எவரும் கண்டதில்லை. இங்கே அது கூடு கட்டுவதில்லை என்பதால் காணவும் வழியில்லை. அந்த மறுபாதி வாழ்க்கையை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தில், சென்ற ஆண்டு இரண்டாம் தவணையில், பிரித்தானியாவில் உள்ள ஒரு கூட்டின் நேரலையை வகுப்பறைத் திரையில் போடத் தொடங்கினேன்.

பிள்ளைகள் அதில் ஒன்றிப்போனார்கள். ஆண் பறவை, தலைப்பக்கத்தைத் தான் தின்றுவிட்டு, மிச்ச மீனோடு கூட்டில் வந்து இறங்கும். பெண் பறவை அதைக் காலால் அமுக்கிக்கொண்டு, நகத்தளவு சதையைக் கிழித்தெடுத்து, தலையை ஒருபக்கமாகச் சரித்து, கழுத்து இன்னும் நிமிராத குஞ்சின் அலகுக்கு அருகே பிடித்தபடி காத்திருக்கும். குஞ்சு தவறவிட்டால் விழுந்த துண்டைக் குனிந்து எடுத்து மறுபடியும் நீட்டும். வகுப்பில் ஓரிடத்தில் இருக்கவே மாட்டாத ஒரு மாணவன், பாடம் முடிந்து மணி அடித்த பிறகும் அசையாமல் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது நேரம். எங்கள் பாட வேளையில் திரையில் பெரும்பாலும் இருட்டு அல்லது அடைகாத்தபடி அசையாமல் இருக்கும் ஒரு பறவை. கைத்தொலைபேசியின் டேட்டாவைக் கொண்டு காட்டுவதால் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் எனக்குக் கவலை தருகிறது. எந்தக் கூட்டை எந்த நேரத்தில் பார்ப்பது நல்லது?

இரண்டாவது இதைவிடக் கனமானது. அந்தக் கூட்டில் மூன்று குஞ்சுகள் இருந்தன. பல நாள் மழை பெய்தபோது மீன் குறைந்தது. மூத்த இரண்டும் கடைசிக் குஞ்சின் தலையில் ஓயாமல் கொத்தின. தாய் அருகிலேயே இருந்தும் தடுக்கவில்லை. ஒரு காலையில் அது எழும்பவில்லை. "கமராவில் ஆட்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள், ஒரு மீனைக் கொண்டுபோய் வைத்தால் என்ன?" என்று ஒரு மாணவி கேட்டாள். இயற்கைத் தேர்வைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். அவள் அதை ஏற்கவில்லை, அவள் ஏற்காததில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. பட்டினி என்றால் என்னவென்று தாய் தகப்பனிடமும் பேத்தியாரிடமும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பலர் பார்த்திருக்க ஒரு குஞ்சு பசியால் சாவதை "அது அப்படித்தான்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போக என்னால் முடியவில்லை. இந்த ஆண்டும் காட்ட விரும்புகிறேன். அந்தக் கேள்வி மீண்டும் வந்தால் என்ன சொல்வது?

இன்னொன்றையும் பிள்ளைகள் கேட்கிறார்கள்: திரையில் வரும் பறவைதான் எங்கள் குளத்துக்கும் வருகிறதா?


வவுனியாவிலிருந்து ஒரு பறவை நோக்குநர்:

வணக்கம் ரீச்சர். நேரத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மற்றதற்கு என்னை விடத் தகுதியானவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

கோடையில் பிரித்தானிய நேரம் எங்களை விட நாலரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. வைகாசி ஆனி மாதங்களில் அங்கே காலை 5 மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். ஆகவே எங்கள் காலை 9.30 என்பது அவர்களின் காலை 5.00. இரவு முழுவதும் வெறும் வயிற்றோடு இருந்த குஞ்சுகளுக்கு முதல் மீன் வரும் வேளை பெரும்பாலும் அதற்குப் பிந்திய இரண்டொரு மணித்தியாலங்களுக்குள் அமைகிறது. அதாவது உங்கள் இடைவேளைக்கு முன்னும் பின்னும் உள்ள பாடங்கள் பிரித்தானியக் கூட்டுக்கு மிகப் பொருத்தமானவை. காலை முதற்பாடத்தில் அதே கூட்டைத் திறந்தால் இருட்டில் அகச்சிவப்பு ஒளியில் எடுக்கப்படும் சாம்பல் நிறப் படம்தான் கிடைக்கும்.

முதற்பாடம்தான் உங்களுக்குக் கிடைத்த வேளை என்றால் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்குப் போங்கள். மிசூலா நகரில், ஹெல்கேட் கூடு எனப்படும் கூட்டை மொன்டானா விராலடிப்பான் ஆய்வுத் திட்டமும் கோர்னெல் பறவையியல் ஆய்வகமும் சேர்ந்து ஒளிபரப்பி வந்திருக்கின்றன. அங்கே நேரம் கோடையில் எங்களை விடப் பதினொன்றரை மணித்தியாலம் பின்னால். நாங்கள் காலை 8 மணிக்குப் பார்க்கும்போது அங்கே முதல் நாள் மாலை 8.30. ஆனி மாதத்தில் அந்த அகலாங்கில் அப்போதும் வெயில் இருக்கும், மாலை மீன் வரும் நேரமும் அதுதான். அந்தக் கூட்டில் நெடுங்காலம் வாழ்ந்த ஐரிஸ் என்ற பெண் பறவையின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லலாம். அதன் துணையான ஸ்ரான்லி 2016 இல் திரும்பி வரவில்லை. பின்னர் வந்த ஆண் பறவை இரண்டு கூடுகளைப் பார்த்துக்கொண்டதால் இந்தக் கூட்டுக்குப் போதிய மீன் வரவில்லை, பெரும்பாலான ஆண்டுகளில் முட்டைகளும் தப்பவில்லை. ஆண் பறவை கொண்டுவரும் மீனில்தான் முழுக் குடும்பமும் தங்கியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கூட்டை நான் அறியேன்.

பிரித்தானியாவில் வேல்ஸின் டைஃபி கூடு, இங்கிலாந்தின் ரட்லண்ட் நீர்த்தேக்கத்தில் உள்ள மன்டன் குடாக் கூடு, ஸ்கொட்லாந்தின் லோவ்ஸ் ஏரிக் கூடு ஆகியவை நன்கு அறியப்பட்டவை. ரட்லண்டுக்கு ஒரு சிறப்பு உண்டு. 1996 முதல் 2001 வரை ஸ்கொட்லாந்திலிருந்து 64 குஞ்சுகளைக் கொண்டுவந்து அங்கே வளர்த்துப் பறக்கவிட்டார்கள், அவற்றில் திரும்பி வந்த ஒன்று 2001 இல் முதன்முறையாக அங்கே குஞ்சு பொரித்தது. என் கருத்து, ஒரே ஒரு கூட்டைத் தெரிந்தெடுத்துத் தவணை முழுவதும் அதையே பார்க்க வேண்டும் என்பதுதான். இன்று ஒன்று, நாளை இன்னொன்று என்று தாவினால் பிள்ளைகளுக்குப் பறவையைத் தெரியவராது, படத்தைத்தான் தெரியவரும்.

பங்குனிக் கடைசியில் அல்லது சித்திரைத் தொடக்கத்தில் பறவைகள் கூட்டுக்குத் திரும்பும். ஏப்ரலில் வழக்கமாக மூன்று முட்டைகள் இடப்படும். ஏறத்தாழ 37 நாள் அடைகாப்பு. மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் குஞ்சுகள் பொரிக்கும், பின்னர் ஏழெட்டுக் கிழமைகளில் பறக்கும். உங்கள் இரண்டாம் தவணையோடு இது நன்றாகப் பொருந்தி வருகிறது.

டேட்டாவைப் பொறுத்தவரை, யூடியூப் நேரலைகள் பலவற்றைச் சில மணித்தியாலங்கள் பின்னோக்கி இழுத்துப் பார்க்கலாம். வகுப்புக்கு முன் நீங்களே இழுத்துப் பார்த்து மீன் வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டால், அந்தப் பகுதியை மட்டும் காட்டலாம். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தாலும் ஊட்டுவது தெரியும். முட்டை எண்ண வேண்டிய நாட்களில் மட்டும் தரத்தைக் கூட்டுங்கள்.


புதுக்குடியிருப்பு, இப்போது ஸ்கொட்லாந்து:

ரீச்சர், உங்கள் மாணவியின் கேள்வியை வாசித்தபின் மற்ற வேலையில் மனம் செல்லவில்லை. நான் இங்கே பல ஆண்டுகளாக இந்தக் கூடுகளை நேரிலும் திரையிலும் பார்த்து வருகிறேன். அவளுக்குச் சொல்லக்கூடிய விடை ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் அது இயற்கைத் தேர்வு என்ற ஒரு சொல்லில் அடங்காது.

முதலில் மூன்றாம் குஞ்சுக்கு ஏன் அந்த நிலை என்பது. தாய் மூன்று முட்டைகளையும் ஒரே நாளில் இடுவதில்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மூன்று நாள் செல்லும். முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகளும் முன்பின்னாகவே வெளிவருகின்றன. கடைசிக் குஞ்சு கண் திறந்து பார்க்கும்போது மூத்தது நாலைந்து நாள் தின்று கொழுத்திருக்கும். மீன் தாராளமாக வந்தால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, மூத்தவை வயிறு நிறைந்து படுத்துவிட, கடைசியும் வயிறாரத் தின்னும். மழையும் காற்றும் தொடர்ந்து, தண்ணீர் கலங்கி, தகப்பனால் மீனைக் காண முடியாத நாட்களில்தான் கொத்துவது கடுமையாகிறது. தாய் பாராமுகமாக இருப்பது போலத் தோன்றும். அது முன்னுக்கு வந்து கேட்கும் வாய்க்கு ஊட்டுகிறது. பின்னால் பதுங்கியிருக்கும் குஞ்சைத் தேடி ஊட்டும் வழக்கம் அதற்கு இல்லை. மூன்றையும் கூப்பிட்டு வைத்துப் பங்கிடப் போய், மீன் போதாமல் மூன்றும் சாகும் ஆண்டுகளும் இருக்கக்கூடும் என்பதையும் பிள்ளைகளோடு சேர்ந்து யோசிக்கலாம்.

அடுத்து, மனிதர் ஏன் மீனைக் கொண்டுபோய் வைப்பதில்லை. பிரித்தானியாவில் 1981 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டத்தின்படி, கூட்டில் இருக்கும் விராலடிப்பானைக் குழப்புவது குற்றம், தனியான அனுமதி பெற்றவர் மட்டுமே நெருங்கலாம். சட்டத்துக்குப் பின்னால் நடைமுறைக் காரணமும் இருக்கிறது. ஆள் ஏறினால் தாய் எழும்பிப் பறக்கும். அந்த நேரத்தில் சிறு குஞ்சுகள் குளிரில் விறைக்கலாம். ஓரளவு வளர்ந்தவை பயந்து கூட்டிலிருந்து குதித்துவிடலாம். ஒன்றைக் காப்பாற்றப் போய் இரண்டை இழக்க நேரிடும்.

ஆனால் ஒருபோதும் செய்ததில்லை என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், ஏனெனில் செய்திருக்கிறார்கள். 2012 ஜூன் மாதத்தில் வேல்ஸில் பெரும் மழையும் காற்றும் வீசியபோது டைஃபி கூட்டில் மூன்று குஞ்சுகளில் இரண்டு இறந்தன. எஞ்சிய ஒன்றும் நனைந்து சோர்ந்து போன நிலையில், அந்தத் திட்டத்தின் பணியாளர்கள் கூட்டுக்கு ஏறி அதற்கு மீன் ஊட்டினார்கள். அது பிழைத்தது. கியூலன் என்று பெயரிடப்பட்டு, அந்தக் கோடையிலேயே பறந்து, மேற்கு ஆபிரிக்கா வரை போய்ச் சேர்ந்தது. அங்கே செனகல் நாட்டில் மீன்பிடி வலையில் சிக்கி இறந்துபோனது. இந்தக் கதையின் இரண்டு பகுதிகளையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். முதற்பகுதி மனிதர் கைகட்டிக்கொண்டு மட்டும் இருப்பதில்லை என்பதைக் காட்டும். இரண்டாம் பகுதி, அந்தப் பறவையைக் கடைசியில் கொன்றது புயலோ அண்ணன் அக்காவோ அல்ல, மனிதர் விரித்த வலை என்பதைக் காட்டும்.

இங்கே இந்தப் பறவைக்கு நடந்ததை எண்ணிப் பாருங்கள். சுட்டும் முட்டை திருடியும் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் கூடு கட்டும் விராலடிப்பானே இல்லாமற் செய்துவிட்டார்கள். 1954 இல் ஸ்கொட்லாந்தின் கார்ட்டன் ஏரிக்கு ஒரு சோடி திரும்பி வந்தது. 1958 இல் இரவுக் காவல் இருந்தும் ஒருவன் மரத்தில் ஏறி முட்டைகளை எடுத்தான். அடுத்த ஆண்டு பறவைப் பாதுகாப்புச் சங்கம் அந்தக் கூட்டை ஒளித்து வைக்காமல், தொலைவிலிருந்து பொதுமக்கள் பார்க்க வழி செய்தது. ஆயிரக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். பலர் கண் பட்ட கூட்டில் திருடன் கை வைப்பது கடினம். இன்றைய நேரலைக்கு நான் காணும் முதல் நியாயம் அதுவே. அமெரிக்காவில் டிடிடி என்ற பூச்சிகொல்லி மருந்து மீன் வழியாகத் தாயின் உடலில் சேர, முட்டையின் ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்திலேயே உடைந்தது. 1972 இல் அந்த மருந்தைத் தடைசெய்த பின்னர்தான் கூடுகள் மீண்டன. ஆக, மழையாலும் குஞ்சுகளின் பிறப்பு வரிசையாலும் வரும் சாவில் நாங்கள் பெரும்பாலும் தலையிடுவதில்லை, எங்கள் கையால் வரும் சாவில் தலையிடக் கடமைப்பட்டிருக்கிறோம். மொன்டானாவில் வைக்கோல் கட்டும் நைலோன் கயிற்றைப் பறவைகள் கூட்டுக்குக் கொண்டுவர, குஞ்சுகளின் காலில் அது சுற்றிக்கொள்கிறது. அங்கே ஆட்கள் கூட்டுக்கு ஏறி வெட்டி விடுகிறார்கள், எவரும் அதைத் தவறென்று சொல்வதில்லை. உங்கள் மாணவியிடம் இந்த வேறுபாட்டை வைத்துப் பேசிப் பாருங்கள். அவள் அதையும் ஏற்காமல் போகலாம், அது அவள் உரிமை. ஆனால் பேசுவதற்கு இடம் இருக்கும்.

அந்தச் சாவைக் காட்டாமல் விடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறைக்க வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் குஞ்சு மெலியும் நாட்களில் திரையை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்காமல், அவர்களோடு கூட இருந்து பாருங்கள்.


கட்டுக்கரைக்குளம், மன்னார்:

திரையில் வருவதும் முத்தையன்கட்டுக்கு வருவதும் ஒரே இனம், ஆனால் ஒரே பறவை அல்ல. பிரித்தானியாவில் பிறப்பவை மாரிகாலத்துக்கு செனகல், காம்பியா, மொரித்தானியா போன்ற மேற்கு ஆபிரிக்க நாடுகளுக்குப் போகின்றன. இலங்கைக்கு வருபவை ஆசியாவின் வடபகுதிகளில் கூடு கட்டும் பறவைகள். அமெரிக்கப் பறவைகள் தெற்கே தங்கள் கண்டத்தின் வழியே போய்விடும். ஆகவே எங்கள் பறவையின் கூட்டை நாங்கள் எந்தக் கமராவிலும் காணவில்லை, அதே போன்ற ஒரு குடும்பத்தைத்தான் காண்கிறோம் என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் இதில் சற்று மாறுபட்ட கருத்து உள்ளவன். நேரலை நல்லதுதான். ஆனால் முதலாம் தவணையிலும் மூன்றாம் தவணையிலும் குளக்கட்டில் நின்று பார்ப்பதற்குரிய பறவையை இரண்டாம் தவணைத் திரையில் மட்டும் படிப்பித்து முடிக்கக் கூடாது. கூட்டில் இருக்கும் நாலைந்து மாதத்தைத்தான் அந்தக் கமரா காட்டும். கூட்டை விட்டுப் போன பிறகு, முதுகில் செய்மதிக் கருவி பூட்டிய சில பறவைகளைத் தவிர, மற்றவை எங்கே நின்றன, என்ன தின்றன என்று அவர்களுக்குத் தெரியாது. வன்னிக் குளங்களின் கட்டில் நிற்பவருக்கு அது கண்முன்னால் நடக்கிறது. குஞ்சாகப் பறந்துபோன பறவை உடனே அடுத்த ஆண்டு கூட்டுக்குத் திரும்புவதுமில்லை. முதற் கோடையை மாரிகால இடத்திலேயே கழித்து, இரண்டு மூன்று வயதில்தான் வடக்கே போகும். ஆனி ஆடியில் உங்கள் குளத்தில் ஒரு விராலடிப்பானைக் கண்டால் அது பெரும்பாலும் அப்படி நின்றுவிட்ட இளம் பறவை.

குளத்தில் பார்க்கும்போது செம்பருந்தையும் வெண்வயிற்றுக் கடற்கழுகையும் இதோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி உண்டு. அவை இரண்டும் நீரின் மேற்பரப்பில் இருப்பதைக் காலால் அள்ளிக்கொண்டு போகும். விராலடிப்பான் காற்றில் ஒரே இடத்தில் இறக்கை அடித்து நின்று, கால்களை முன்னே நீட்டி, மார்பு வரை நீருக்குள் விழும், சிலவேளை முழுவதுமாக மறையும். எழும்பிய பிறகு பறந்தபடியே உடம்பை ஒருமுறை உதறும், அப்போது நீர் சிதறுவதைத் தொலைவிலிருந்தும் காணலாம். மீனைத் தலை முன்னே இருக்கும்படி, ஒரு காலுக்குப் பின்னால் மற்றக் காலாக நீளவாட்டில் பிடித்துக்கொண்டு போகும். வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்ப அதற்கு முடியும், பாதத்தில் அரம் போன்ற முட்களும் உண்டு, அதனால்தான் வழுக்கும் மீன் நழுவுவதில்லை. கண்ணுக்குக் குறுக்கே ஓடும் கரும்பட்டையும், கீழிருந்து பார்க்கும்போது மணிக்கட்டில் வளைந்து தெரியும் நீண்ட இறக்கையும் மற்ற அடையாளங்கள்.

மாணவர்கள் எழுதி வைக்கட்டும்: எந்தப் பட்டமரம், எத்தனை மணி, எத்தனை முறை பாய்ந்து எத்தனை முறை மீன் கிடைத்தது, குளம் தெளிவாக இருந்ததா, வான் பாய்ந்து கலங்கியிருந்ததா. காலில் வளையம் இருந்தால் நிறமும் எழுத்தும். பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஈபேர்ட் இணையத்தளத்தில் பதிந்தால் அது உலகத்துக்கும் போய்ச் சேரும். தை மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்போது உங்கள் குளமும் அதில் சேர வழி பாருங்கள்.


முத்தையன்கட்டு ஆசிரியை:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. டைஃபி கூட்டைத் தெரிந்தெடுத்து, இடைவேளைக்கு முந்திய பாடத்தில் காட்டுவதென்று தீர்மானித்திருக்கிறேன். கியூலனின் கதையை அந்த மாணவியிடம் ஏற்கனவே சொல்லிவிட்டேன். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கட குளத்திலயும் பட்டமரத்தில வலை தொங்குது ரீச்சர்" என்றாள். உண்மைதான். தங்கூசி எனப்படும் மெல்லிய நைலோன் இழை வலையின் துண்டுகள் கிளைகளில் சிக்கிக் கிடப்பதை நானும் கண்டிருக்கிறேன். நீர்க்காகம் ஒன்று அதில் மாட்டி இறந்து காய்ந்து கிடந்ததைப் பிள்ளைகள் சொன்னார்கள். இதை அகற்றுவதற்கு யாரிடம் போவது, எப்போது செய்வது?


கட்டுக்கரைக்குளம், மன்னார்:

தங்கூசி வலை சட்டப்படி தடைசெய்யப்பட்டது. ஆனால் சட்டத்தை முன்னுக்கு வைத்துக்கொண்டு போனால் தொழிலாளர்கள் விலகிப் போவார்கள். உங்கள் குளத்தின் நன்னீர் மீனவர் சங்கத் தலைவரிடம் அதிபரோடு போய், பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். கிழிந்த வலையால் அவர்களின் வள்ளத்துக்கும் தொல்லைதான், மறுக்க மாட்டார்கள். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். நீர் மட்டம் மிகவும் கீழே போய், பட்டமரங்களின் அடிவரை சேற்றுத் தரையில் நடந்து போகக்கூடிய ஆவணி மாதத்தில் பெரியவர்களைக் கொண்டு செய்விப்பதுதான் பாதுகாப்பு. அதற்குப் பிந்தினால் புரட்டாதியில் பறவைகள் வந்து அந்த மரங்களில் இருக்கத் தொடங்கிவிடும், மரத்துக்கு மரம் ஆள் போனால் அவை வேறு குளம் பார்த்துப் போய்விடும். வெட்டிய துண்டுகளைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். முதல் மழை வெள்ளம் அவற்றை மறுபடி குளத்துக்குள் இழுத்துவிடும். சாக்கில் கட்டிப் பிரதேச சபைக்குக் கொடுத்துவிடுங்கள். மரத்தை மட்டும் எவரும் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விறகுக்கென்று ஒன்றிரண்டு பேர் கேட்பார்கள்.